பெட்டிக்குள் அடங்கிய மீன்கள்

பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அதைச் சொன்ன மகராசி மீனைப் பரிசோதித்தவள் இல்லை.

நான் பரிசோதிக்கிறேன், பதினோரு வருஷமாக. ஆற்றின் மேல்பக்கம் பேட்டரித் தொழிற்சாலை வந்ததிலிருந்து மாதம் ஒருமுறை ஆற்று மீன் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். பத்து மீனை அறுத்து, சதையை ஒன்றாக அரைத்து, பாதரசம் எவ்வளவு என்று பார்ப்பேன். பத்துக்கும் சேர்த்து ஒரே எண். வரம்புக்குள் இருந்தால் 'உண்ணத் தகுந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஒரு மாதம்கூட வரம்பைத் தாண்டியதில்லை.

அந்தத் தாளின் நகலைத் தம்பி தன் மீன் கடையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். அவனே ஆற்றில் வலை போட்டு அவனே விற்கிறான். "எங்க அக்கா கையெழுத்து" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம். என் கை நீளத்துக்கு ஒரு மீனை அடுப்படியில் அறுத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா, இவ்ளோ பெருசு?"

"மாசமா இருக்கறவளுக்குப் பொடி மீனா குடுப்பாங்க? வலையில விழறதுல பெருசு எப்பவும் இவளுக்குத்தான். தினமும்."

பெரிய மீன் சின்ன மீன்களைத் தின்றே பெரிதாகிறது. அவற்றின் விஷமெல்லாம் அதன் சதையில் சேரும். இது எனக்குத் தெரியாததா? ஆனால் இந்த அளவு மீன் ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மாதிரி எடுத்துவரும் ஊழியரின் ஐஸ் பெட்டி ஒரு முழம். அதற்குள் அடங்குகிற மீனைத்தான் மனுஷர் கொண்டுவருவார். பொடி மீனை அரைத்தே பதினோரு வருஷம் ஆற்றுக்கு நற்சான்று கொடுத்திருக்கிறேன், படித்த முட்டாள்.

ஒரு துண்டை வாங்கிப்போய் மறுநாள் ஆய்வகத்தில் பார்த்தேன். வரம்பைப்போல நாலு மடங்கு.

மேலதிகாரியிடம் காட்டினேன். "இது நம்ம பெட்டியில வந்த மீனாம்மா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப கணக்குல வராது." தாளை என் பக்கமே தள்ளிவிட்டார்.

சாயங்காலம் கடைக்கு ஓடினேன். ஆளில்லாத நேரம் பார்த்துத் தம்பியிடம் சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று.

"குழந்தைக்கு என்னக்கா ஆகும்?"

"தெரியலடா. மூளையத்தான் முதல்ல பாதிக்கும். இன்னிக்கே நிறுத்து."

அங்கிருந்தே மனைவிக்கு போன் செய்து, குழம்பைக் கீழே கொட்டச் சொன்னான்.

"அந்தத் தாளையும் கழட்டு."

"கழட்டினா ஏன்னு கேப்பாங்க. கடையை மூடிட்டு நான் எங்க போறது? உன் வேலையும்தான் போகும்."

பதில் சொல்வதற்குள் ஒரு பெண் கடையேறினாள். அவளும் மாசமாக இருந்தாள்.

"டாக்டர் மீன் சாப்பிடச் சொன்னாங்க. நல்ல மீன்தானேண்ணா?"

தம்பி அவளைப் பார்க்காமல் சொன்னான். "டெஸ்ட் பண்றவங்களே நிக்கறாங்க, கேளுங்க."

"சாப்பிடலாமாக்கா?"

"சின்ன மீனா வாங்கிக்கோங்க" என்றேன், ஏதோ சமையல் குறிப்பு சொல்கிறவள் மாதிரி.

"சின்னதுல முள்ளு ஜாஸ்திக்கா." சிரித்தபடி, கடையில் இருப்பதிலேயே பெரிய மீனைக் காட்டினாள்.

தம்பி அதைத் தூக்கித் தராசில் வைத்தான். நான் தடுக்கவில்லை.