ஆறிலிருந்து பதினொன்றுக்கு

ஃபிஜியின் லெவுக்கா துறைமுகத்தில் உள்ள எங்கள் கப்பல் டிக்கெட் அலுவலகத்தில் அன்று காலையிலிருந்தே வைஃபை விட்டு விட்டு வந்தது. டிக்கெட் அச்சாகாததால் வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மேலாளர் இசிகேலி, தலைநகர் சுவாவிலிருந்து பழுதுபார்க்கும் ஆளை வரச்சொல்லித் தகவல் அனுப்பினார்.

"அதுக்குள்ள நான் பாக்குறேன் பாஸ்," என்றேன்.

"டிக்கெட் கிழிக்கிற பொண்ணுக்கு ரவுட்டரப் பத்தி என்ன தெரியும், லிட்டியா?"

ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பேக்கரி, மருந்துக்கடை, விடுதி என்று தெருவே வைஃபையின் ஆறாம் சேனலில், அதாவது ஒரே அலைவரிசையில், நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. நாங்களும் அதிலேதான் இருந்தோம். பதினொன்று காலியாகக் கிடந்தது. அதற்கு மாற்றி, சேனலின் அகலத்தையும் நாற்பது மெகாஹெர்ட்ஸிலிருந்து இருபதாகக் குறைத்துச் சேமித்தேன். உடனே எல்லாக் கணினிகளிலும் இணைப்பு போய்விட்டது.

"இருந்ததும் போச்சா?" என்றார் இசிகேலி.

"ரவுட்டர் திரும்ப ஆன் ஆகுது பாஸ். ஒரு நிமிஷம்."

ரவுட்டரின் விளக்கு மீண்டும் எரியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிரிண்டர் டிக்கெட்டை வெளியே தள்ளியது. அதன்பின் ஒருமுறைகூட இணைப்பு அறுபடவில்லை. கப்பல் நேரத்துக்குக் கிளம்பியது.

மதியம் சுவா ஆள் தொலைபேசியில் கூப்பிட்டபோது, இசிகேலி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "நீ வர வேணாம்ப்பா. எங்ககிட்ட லிட்டியா இருக்கா."

நான் திரையைப் பார்ப்பதுபோல் குனிந்து சிரித்துக்கொண்டேன்.