மூன்றாம் வரிசைச் சிரிப்பு

நோரீன் கஸ்மரெக் பஃபலோவிலிருந்து எட்டு மணி நேரம் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்தது சிரிப்பதற்காக. வந்த இடத்தில் ஒருவன் அவளுக்குச் சிரிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"வாய்க்குள்ளயே சிரிச்சா மைக்ல விழாது மக்களே. புன்னகையெல்லாம் வீட்டுக்குக் கொண்டு போய் வெச்சுக்கங்க. இங்க சத்தம் வேணும். சிரிப்பு வரலைன்னா கையத் தட்டுங்க, ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

நிகழ்ச்சிக்கு முன் கூட்டத்தைச் சூடேற்றிவிடுவது அவன் வேலை. அப்போது மாலை நாலரை மணி. வெளியே மன்ஹாட்டனில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே மேடைக்குப் பின்னால் அட்டை நகரம் ஒன்றை நிறுத்தி, அதன் ஜன்னல்களுக்கு விளக்குப் போட்டு ராத்திரி ஆக்கியிருந்தார்கள். ராத்திரி பதினொன்றரைக்கு டெலிவிஷனில் வருகிற ரஸ் டெலேனியின் நகைச்சுவை நிகழ்ச்சியை மாலையிலேயே எடுத்துவிடுவார்கள் என்பது நோரீனுக்குத் தெரிந்த சங்கதிதான். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது அந்தக் கைதட்டல் பேச்சில்தான்.

சிரிப்பு என்பது நம்மைக் கேட்காமல் வருவது. கைதட்டல், நீ சொன்னது சரிதான் அப்பா என்று யோசித்து ஒப்புக்கொள்வது. நகைச்சுவைக்காரன் ஒருவனுக்குக் கைதட்டல் மட்டும் வருகிறதென்றால் அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான் என்று அர்த்தம். இது நோரீன் கண்டுபிடித்ததில்லை, அவள் தம்பி டென்னி சொன்னது. சொன்னதற்குத்தான் அவனை வீட்டைவிட்டுத் துரத்தினாள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, நன்றித் திருநாள் விருந்தில். "உன் ஆளு பாதிரியார் ஆயிட்டான் நோரீன். உண்டியல் குலுக்காததுதான் பாக்கி" என்றான் டென்னி. "உன் ஆளு மட்டும் என்னவாம்? அடுத்த சேனல்ல உக்காந்து, ஜோக்கைச் சொல்றதுக்கு முன்னாடியே அவனே சிரிச்சு மேசையத் தட்டுறான். அவன் முட்டைய உடைச்சு விளையாடுறதுக்கு நடிகைங்க கைதட்டுறாங்க" என்றாள் இவள். பேச்சு முற்றி, அவன் கொண்டுவந்த பூசணிப் பலகாரத்தைத் தட்டோடு அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. பிறந்த நாளுக்குக்கூட ஒரு அழைப்பு இல்லை. இரண்டு கிழ மாடுகள் டெலிவிஷன்காரனுக்காகச் சண்டை போட்டுக்கொண்டன என்று ஊரில் யாராவது கேட்டால் சிரிப்பார்கள். அவளால் மட்டும் சிரிக்க முடியவில்லை. அவன் குரலைக் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது.

இதில் பெரிய கொடுமை, அவன் சொன்னது சரியாகப் போனதுதான்.

ரஸ் மேடைக்கு வந்தான். தலை நரைத்திருந்தது, கோட்டு மட்டும் அழகாக இருந்தது. மேயரைப் பற்றி ஒரு ஜோக் சொன்னான். அது ஜோக்கே இல்லை. மேயர் பெயரைச் சொல்லிப் புருவத்தைத் தூக்கினான், அவ்வளவுதான். 'கைதட்டு' என்ற பலகை எரிந்தது. கூட்டம் தட்டியது. நோரீன் கைகளைக் கைப்பையின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உனக்காக என் தம்பியைத் துரத்தினேனடா, ஒரு நல்ல ஜோக் சொல்லக் கூடாதா என்று மனசுக்குள் திட்டினாள்.

பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான். ஏதோ ஊரில் பள்ளிக்கூடத்துக் குடிதண்ணீர்க் குழாயில் ஈயம் கலந்திருக்கிறது என்று ஆரம்பித்தான். சொன்னதெல்லாம் உண்மைதான், நியாயம்தான். நியாயம் பேச நாட்டில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சிரிக்க வைக்க அல்லவா இவனுக்குச் சம்பளம்? ரஸ்ஸின் கண் கலங்கியது. கேமராவுக்குப் பக்கத்தில், தாடி வைத்த கனத்த மனிதர் ஒருவர், அவன் பேச வேண்டியதைக் கொட்டை எழுத்தில் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தார்.

"இந்தக் குழந்தைங்க முகத்தப் பாத்து," என்றான் ரஸ், தொண்டை அடைக்க, "நாம என்ன பதில் சொல்லப் போறோம்?"

அட்டை மாறியது.

"உடம்பெல்லாம் முடி, அறுபது கிலோ எடை, இன்னிக்கு நம்ம மேடையிலேயே குளிக்கப் போறாரு."

கலங்கிய கண்ணோடும் அதே தழுதழுத்த குரலோடும் அவன் அதைக் கடைசிச் சொல் வரை வாசித்து முடித்தான். உயிரியல் பூங்காவிலிருந்து அடுத்து வரவிருந்த கேப்பிபாராவுக்கான அட்டை அது. எலி வம்சத்திலேயே பெரிய பிராணி. தாடிக்காரர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

நோரீனுக்கு ஒரு சிரிப்பு உண்டு. முதலில் சத்தமே வராது. பனியில் கிடந்த வண்டியை ஸ்டார்ட் செய்வதுபோல மூச்சு உள்ளே மூன்று தடவை இழுக்கும். பிறகு பிடித்துக்கொண்டு கூரையைத் தூக்கும். முடியும்போது மூக்கில் ஒரு குறட்டை. கஸ்மரெக் வீட்டில் அது அவளுக்கும் டென்னிக்கும் மட்டும் வாய்த்தது. இப்போது அது வந்தது. அதைக் கேட்டு ரஸ் அவள் பக்கம் திரும்பினான், அவனுக்கும் சிரிப்பு பீறிட்டது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான், பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ரஸ். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. யாரும் கையைத் தட்டவில்லை. கடவுளே, இதற்குத்தான் வந்தேன் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்!" என்றது ஒரு குரல்.

காதில் கருவி மாட்டிய ஒரு பெண் மேடைக்கு வந்தாள். "ரொம்ப நல்லாருந்துச்சு, ஆனா இது வெளிய போகாது. மேயர் ஜோக்லேர்ந்து மறுபடி எடுக்கறோம்." பிறகு மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். "பச்சை ஸ்வெட்டர் அம்மா, உங்க சிரிப்பு பிரமாதம். மேயர் பேர் வந்ததும் அதையே அப்படியே ஒரு தடவை போடுங்க, சரியா?"

மொத்த நிகழ்ச்சியிலும் உருப்படியாக நடந்தது ஒன்றே ஒன்று. அதைக் குப்பையில் போடுகிறார்களாம், அந்தச் செத்துப்போன மேயர் ஜோக்குக்கு இவள் சிரிக்க வேண்டுமாம். முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் டென்னியின் நினைப்பு வந்தது. ஒருவேளை அவன் இன்னும் பார்க்கிறான் என்றால்? பார்க்காவிட்டாலும், சேனலை மாற்றும்போது ஒரு நொடி காதில் விழுந்தால்? அந்தச் சிரிப்பு யாருடையது என்று அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மேயர் பெயர் வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக நோரீன் பொய்யாகச் சிரித்தாள்.

மறுநாள் காலை பஃபலோ பஸ்ஸில் ஏறி, பிங்ஹாம்டனைத் தாண்டும்வரை அவள் அதற்காகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வந்தாள். அப்போது போன் அடித்தது. டென்னி.

"நேத்து சேனல் மாத்திட்டிருந்தேன்," என்றான் எடுத்த எடுப்பில். "தற்செயலாத்தான்."

"சரி."

"அந்தாளைப் பாக்கறதையே விட்டுட்டேன். தெரியும்ல?"

"சரிடா, பாக்கல. மேல சொல்லு."

"மூணாவது வரிசைல பச்சை ஸ்வெட்டர் நீதானே?"

"ஆமா."

அவன் குரல் மாறியது. "அது உன் சிரிப்பு இல்லியே நோரீன். கடைசில குறட்டையே வரல. உடம்பு கிடம்பு சரியில்லியா? அதான் போன் போட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நல்லாத்தான் இருக்கேன். டென்னி, நீ சொன்னது சரிடா. அவன் பாதிரியார்தான்."

"ஒருத்தருக்கும் கேக்கல, சத்தமா சொல்லு."

"ஒரு தடவதான் சொல்லுவேன், நாயே. நிஜச் சிரிப்ப வெட்டிட்டாங்க. கேளு." ஈயக் குழாய், கலங்கிய கண், குழந்தைகள் முகம், பிறகு அந்த அட்டை என்று வரிசையாகச் சொன்னாள். "குளிக்கப் போறாரு" என்ற இடத்தில் ரஸ்ஸின் தழுதழுப்பை அப்படியே செய்து காட்டினாள்.

போனில் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று பயந்தாள். அப்புறம் கேட்டது, மூச்சு உள்ளே இழுக்கிற சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று. பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கம் அவன் சிரிக்க, இந்தப் பக்கம் இவளுக்கும் கிளம்பிவிட்டது. பஸ்ஸில் தூங்கியவர்களெல்லாம் எழுந்து பார்த்தார்கள். போனில் மெதுவாகப் பேசுங்கள் என்று ஓட்டுநர் மைக்கில் எச்சரித்தார்.

"மறுபடி சொல்லு," என்றான் டென்னி மூச்சு வாங்கிக்கொண்டு. "கண்ணு கலங்கினதுலேர்ந்து."

அவள் மறுபடி சொன்னாள். இரண்டாவது தடவையும் குறட்டை வந்தது.