தண்ணீர் விளக்கு

கரடியூர்க்காரர்கள் எதைக் கொடுத்தாலும் வேறொன்றாக்கிவிடுவார்கள் என்று ஜீப் ஓட்டும் கிங்ஸ்டன் தலையிலடித்துக்கொள்வான். பின்னே என்ன? சேலத்துக் கல்லூரியிலிருந்து வந்த அபிஷா, ஆபத்துக்கென்று வீட்டுக்கொரு சிவப்புப் பேட்டரி விளக்கு கொடுத்தாள். ஒரு வீட்டில் பொத்தானை அமுக்கினால் ஊர் முழுக்க எரியும். "உங்க ஊர்தான் எங்க ஆய்வுக்கூடம். உங்களுக்குத் தோதா மாத்திக்குங்க" என்று அவள் சொன்னதுதான் தாமதம், பெண்கள் விளக்கை வாசல் கம்பத்துக்கு மாற்றினார்கள். காப்பித் தோட்டத்தில் நின்றாலும் தெரியுமாம். பிறகு பொதுக்குழாயில் தண்ணீர் வந்ததற்கெல்லாம் அமுக்கினார்கள்.

"ஏனுங்க கௌரியக்கா, நெசமாலும் ஆபத்துன்னா யாருங்க வருவாங்க?"

"வருவாங்க சாமி, நீ ஜீப்பப் பாரு."

ஐப்பசியில் ஒரு மாலை கௌரியின் மகள் சிவசக்திக்கு வலி எடுத்தது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, தாமதித்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று நர்சம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவளை ஜீப்பில் ஏற்றியாயிற்று. ஆனால் மூடுபனியில் பாதையே தெரியவில்லை. ஒரு பக்கம் பள்ளம். கிங்ஸ்டன் வண்டியைக் கிளப்பவில்லை.

கௌரி ஓடிப்போய் பொத்தானை அமுக்கினாள். ஊரே குழாயடிக்கு வந்தது, குடத்தோடு.

கிங்ஸ்டனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தண்ணி வரலைங்க. எம்புள்ளைக்கு வலி வந்திருச்சு. பாதை தெரியலைங்க" என்றாள் கௌரி.

குடங்கள் அப்படியே தரையில் இறங்கின. ஆளுக்கொரு விளக்கைக் கழற்றிக்கொண்டு, தோட்டத்துக் குறுக்குவழியில் இறங்கி ஓடினார்கள்.

ஜீப் நகர்ந்தது. முதல் வளைவின் பள்ளத்து ஓரத்தில் ஒரு சிவப்பு வெளிச்சம். "வா கண்ணு, இப்பிடியே வா" என்றது ஒரு குரல். அதைத் தாண்டினால் அடுத்தது, அதற்கப்பால் இன்னொன்று. முகம் ஒன்றும் தெரியவில்லை. கிங்ஸ்டன் வெளிச்சத்துக்கு வெளிச்சம் வண்டியை விட்டான். ஆபத்து என்றால் நாலு பேர் யோசித்திருப்பார்கள். தண்ணீர் என்றதால் ஒருவர்கூட வீட்டில் தங்கவில்லை. ஏசப்பா, இதையா குறை சொன்னோம் என்று நினைத்தபடியே ஓட்டினான். ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் ஏரி முக்கில் கடை வெளிச்சம் தெரிந்த பிறகுதான் மூச்சு வந்தது.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

விடிந்து திரும்பியபோது குழாயடி சேறாகக் கிடந்தது. ராத்திரியில் தண்ணீர் வந்து போயிருக்கிறது. வைத்த இடத்திலேயே நின்ற குடங்களில் ஒரு சொட்டு இல்லை.

கிங்ஸ்டன் அத்தனையையும் ஜீப்பில் அடுக்கிக்கொண்டு சுனைக்குப் போனான். நிரப்பிக்கொண்டு வந்து இறக்கிவைத்துவிட்டு, முதல்முறையாகத் தானே அந்தப் பொத்தானை அமுக்கினான்.