கலர் மாஸ்டரின் கண்

ஆம்பூர்த் தோல் ஃபேக்டரியில் என் வீட்டுக்காரர் கோவிந்தசாமிக்குக் கலர் மாஸ்டர் என்று பெயர். வெளிநாட்டுக்காரன் அனுப்பும் சாம்பிள் துண்டைப் பார்த்து, அதே நிறத்தில் சாயம் கலந்து தருவது அவர் வேலை. பக்கத்தில் நின்று வாளி கழுவுவது என் வேலை. ஹெல்பர் மோகனா என்றுதான் பதிவேட்டில் இருக்கும்.

உண்மை என்னவென்றால், இந்த மனிதருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. கல்யாணமான புதிதில் கிளிப்பச்சைப் புடவை என்று ஆசையாக ஒன்று வாங்கி வந்தார். பிரித்தால் ஆரஞ்சு. சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டேன், அங்கே செய்தேன் முதல் தப்பு. பிறகு ஃபேக்டரியில் அவர் திருதிருவென்று முழிப்பதைப் பார்த்து, மானம் போகக் கூடாதே என்று இருமத் தொடங்கினேன். சிவப்பு ஜாஸ்தி என்றால் ஒரு இருமல், கம்மி என்றால் இரண்டு. பதினெட்டு வருஷமாக இருமுகிறேன். பாவம், சாய நெடி ஒத்துக்கொள்ளவில்லை என்று செக்‌ஷனே எனக்காகப் பரிதாபப்படும். இருமலைக் கேட்டு அவர் கை தானாகத் திருத்தும். முதலாளி பாராட்டினால் மட்டும், "என் கண்ணு அப்பிடி சார்" என்பார்.

எங்கள் ஒரே மகன் தமிழ்வேந்தனுக்குக் கப்பல் அதிகாரி ஆக ஆசை. பாலாற்றில் கால் நனைக்கத் தண்ணீர் இல்லாத ஊரில் பிறந்தவனுக்கு வந்த ஆசையைப் பாருங்கள். ஆனால் பிள்ளை உழைத்தான், நுழைவுத் தேர்வில் பாஸ் செய்தான். முதலில் கேடட், கடலில் சில காலம், அப்புறம் செகண்ட் மேட் பரீட்சை, ஃபர்ஸ்ட் மேட் பரீட்சை, கடைசியில் கேப்டன் ஆவதற்கான மாஸ்டர் பரீட்சை என்று படிப்படியாகச் சொல்வான். கடைசிப் படியின் பெயரைக் கேட்டதும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. "நானும் மாஸ்டர், எம்புள்ளையும் மாஸ்டர்" என்று ஒரு டீக்கடை பாக்கி வைக்கவில்லை.

முதல் படிக்கு முன்னால் ஒரு கண் பரிசோதனை உண்டு. இரவில் எதிரே வரும் கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை விளக்கு. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவனைக் கப்பல் ஓட்ட விட மாட்டார்கள். எனக்கு அதில் கவலை இல்லை. மகனுக்கு மூன்று வயதாகும்போதே சிவப்பு, பச்சை வளையல்களைக் கலந்து போட்டுப் பிரிக்கச் சொல்லிச் சோதித்துவிட்டேன். ஒன்றுகூட மாற்றி வைக்கவில்லை.

இவர் சும்மா இருந்திருக்கலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் ஆள் ஆடத் தெரியாமலே ஆட்டம் சொல்லிக்கொடுக்கக் கிளம்பிவிட்டார். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அந்தப் பரிசோதனைப் படங்களைப் பிரிண்ட் எடுத்து வந்து, தினமும் காலையில் மொட்டை மாடியில் பாடம் நடத்தினார். நான் கீழே இட்லி ஊற்றிக்கொண்டிருப்பேன். முதல் நாள், "நல்லா பார்றா! யார்கிட்ட கத்துக்கற?" என்று அதட்டல் கேட்டது. மறுநாளிலிருந்து பிள்ளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தான். மூணு, எழுவது, இருவத்தொண்ணு.

சென்னையில் டாக்டர் அறைக்குள் பெற்றோர் தேவையில்லை என்றார்கள். மாஸ்டர் கேட்பாரா? மூவரும் போனோம். டாக்டர் புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தில் பன்னிரண்டு, பிள்ளை சரியாகச் சொன்னான். அடுத்த பக்கத்தில் எட்டு, பளிச்சென்று இருந்தது.

"மூணு" என்றான் என் மகன்.

இருபத்தொன்பதைப் பார்த்து எழுபது என்றான். எழுபத்துநாலைப் பார்த்து இருபத்தொன்று என்றான். எல்லாம் மாடியில் ஒப்பித்த எண்கள்.

டாக்டர் பேனாவை எடுத்தார். "செவப்பு பச்சை தெரியாதவங்களுக்குத்தான் இந்த நம்பருங்க தெரியும். அன்ஃபிட்னுதான் எழுதணும், சாரிம்மா."

மகன் முகம் செத்துப்போயிற்று. இவர் முந்திக்கொண்டார். "எங்க வம்சத்துல கண்ணு கோளாறே கெடையாது சார். இவ அம்மா வீட்டுப் பக்கம் இன்னா கோளாறோ."

அந்த நொடிவரை எனக்குத் தயக்கம் இருந்தது. பிள்ளையைக் காப்பாற்ற வேண்டுமானால் பதினெட்டு வருஷம் பொத்திவைத்த மானத்தை அந்த மேஜைமேல் போட வேண்டும். இவர் வாயைத் திறந்ததும் தயக்கம் போய்விட்டது.

"டாக்டர், எழுதாதீங்க. அந்த புக்க இவருக்குக் காட்டுங்க."

மாஸ்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்தார். "மூணு. எழுவது. இருவத்தொண்ணு."

டாக்டர் அவரையே பார்த்தார். "நீங்க என்ன வேல பாக்கறீங்க?"

"கலர் மாஸ்டர் சார்."

டாக்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் மகனிடம் திரும்பினேன். "டேய், அப்பா சொன்னத வுடு. உங்கண்ணுக்கு இன்னா தெரியுது?"

"எழுவத்தி நாலும்மா. அப்பா இருவத்தொண்ணுன்னு அடிச்சு சொன்னாரு. ஊரே அப்பா கண்ண நம்புது. எங்கண்ணுதான் தப்புன்னு நெனச்சேன்."

ஊர் நம்பியது என் இருமலை. அந்தப் பொய்யை வளர்த்தவளும் நான்தான், அதற்குப் பலி ஆக இருந்தவன் என் பிள்ளை. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் பக்கங்களை முன்பின்னாகப் புரட்டிக் கேட்டார். அறையை இருட்டாக்கிக் குட்டி விளக்குகளைக் காட்டிக் கேட்டார். பிள்ளை ஒன்றிலும் பிசகவில்லை. ஃபிட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ரயில் காட்பாடி வந்ததும் மாஸ்டர் வாயைத் திறந்தார். "அந்த ரூம்ல ட்யூப்லைட்டு. ட்யூப்லைட் வெளிச்சத்துல எவனுக்குக் கலர் தெரியும்?" மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

திங்கட்கிழமை ஃபேக்டரியில் புது ஆர்டர், டேன் கலர் என்கிற செம்பழுப்பு. சாயம் கலந்து ஒரு துண்டுத் தோலில் தடவி, சாம்பிள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வழக்கம்போலக் காதை என் பக்கம் சாய்த்தார். நான் வாளி கழுவினேன். காத்திருந்தார், தலையைச் சொறிந்தார். நான் அடுத்த வாளியை எடுத்தேன். சூப்பர்வைசர் வந்து நின்றார், சாயம் ஸ்ப்ரே அடிக்கும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மோகனா," என்றார் கடைசியில், எல்லார் முன்னாலும். "செவப்பு ஜாஸ்தியா இருக்குதா?"

"ஜாஸ்திதான்" என்றேன்.