வாய் கட்டிய கேன்

சேலத்துக் கல்லூரி ஒன்றின் பின்புறம், இயற்பியல் ஆய்வகத்தின் படிக்கட்டில் சின்னாயி காலையிலிருந்து குந்தியிருந்தாள். எழுபத்தேழாம் வருஷத்துக் கோடை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவளைப் பார்த்தும் பாராதது போலப் போனார்கள். அவள் கேட்டது, அந்த ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்கும் வேலையைத்தான். புருஷன் ஆண்டி கல்லூரி வேலையில் செத்தான் என்று ஒப்புக்கொண்டால் அது கிடைக்கும். ஆய்வகத்துப் பெரியவரான பேராசிரியரோ அவனுடைய கவனக்குறைவு என்று சொல்லிக் கைகழுவிவிட்டார்.

ஆண்டி முன்பு ராசிபுரம் நெய்ச் சந்தையில் சுமை தூக்கியவன். வெண்ணந்தூர்ப் பண்ணைக்காரர் மகனும் ஆராய்ச்சி மாணவருமான சென்னியப்பன்தான் அவனை இங்கே சேர்த்துவிட்டார். சங்ககிரிக்கு அப்பாலிருந்த ஆலையிலிருந்து சதா கொதித்து ஆவியாகும் கடுங்குளிர்த் திரவ நைட்ரஜனைக் கேனில் பிடித்து லாரியில் கொண்டுவருவது அவன் வேலை. ஆய்வகத்துக் கருவி ராவும் பகலும் அதில் குளிர்ந்தே கிடக்க வேண்டும். ஒரு தடவை சூடேறினாலும் குப்பைக்குத்தான். கல்கத்தாவில் அணுக்கருக்களை மோதவிட்டு வெறிபிடித்தாற்போலச் சுழல வைப்பார்களாம். அந்த வேகம் அடங்கும்போது தெறிக்கும் கதிரை அங்கே கொண்டுபோய்ப் பிடிக்கத்தான் இந்தக் கருவி. ஆண்டி இதையெல்லாம் பெருமையாகச் சொல்லுவான்.

"கண்ணுக்கே தெரியாத உருண்டையாம் புள்ள. சுத்துற வேகத்துல உருவமே நீண்டு போகுமாம். நம்ம பண்ணைச் சின்ன சாமி அதத்தான் படிக்கறாரு."

அன்றைக்குச் சென்னியப்பன், "வழியிலயே பாதி புகையாப் போயிருது. வீணாக்காமக் கொண்டா" என்று சொல்லி அனுப்பினார். ஆண்டி நெய் டின்னைக் கட்டுவது போலவே கேனைக் கட்டினான். ஈரச் சாக்கை மடித்து வாயில் திணித்துக் கயிற்றால் இறுக்கினான். சாக்கு பனிக்கட்டியாக உறைந்துகொண்டது. திரும்பி வரும் வழியில், சங்ககிரி தாண்டுவதற்குள் அவன் பக்கத்திலேயே கேன் வெடித்தது.

சாயங்காலமே கல்லூரிக் கார் ஆலைக்குப் போய் வேறு கேன் கொண்டுவந்தது, கருவி தப்பியது. ஆண்டி ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தே செத்தான். அந்தப் பக்கம் கார் வரவில்லை.

அதிலிருந்து சின்னாயி எந்தச் சட்டியையும் மூடுவதில்லை. சோற்றில் எறும்பு ஏறினாலும் மூடுவதில்லை. உலைமேல் தட்டை வைத்தால் உள்ளே அவன் மூச்சு முட்டுவது கேட்கிறது. அவளுக்குத் தன் வீட்டு அடுப்படியே பயமாக இருந்தது.

சென்னியப்பன் வெளியே வந்தார். அவள் எழுந்தாள்.

"ஏனுங்க சாமி, வாயை அடைக்கக் கூடாதுன்னு எங்கூட்டுக்காரருகிட்ட ஆராச்சும் சொன்னீங்களா?"

"அவனுக்குத் தெரியும்னு நெனச்சுட்டேன், சின்னாயி."

"அவருக்கு நெய் டின்னுதானுங்க தெரியும். இத மட்டும் பெரியவருகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க."

அவர் தன் செருப்பைப் பார்த்தார். "என்ற பட்டம் அவரு கையில இருக்குது. நான் என்ன பண்டறது, சொல்லு."

அவள் படியை விட்டு நகரவில்லை.

புதிதாக வேலைக்கு வந்த கருப்பண்ணன் காலிக் கேனோடு லாரியில் ஏறப்போனான். சென்னியப்பன் ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்தார்.

"கருப்பண்ணா, எதையுங் கொண்டு வாய அடைச்சுராத. மூடி மேலாக்கச் சும்மா கெடக்கோணும், புகை போய்ட்டே இருக்கோணும். அடைச்சா வெடிச்சுப்போடும்."

"செரிங்க சாமி."

சின்னாயி கேட்டுக்கொண்டு நின்றாள். சொல்லி முடிக்க ஒரு வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. லாரி கிளம்பியது. உள்ளே கருவிக்கு நைட்ரஜன் ஊற்றினார்கள். கதவிடுக்கு வழியாக வெண்புகை கசிந்து, படிப்படியாக இறங்கி, அவள் வெறுங்காலைச் சில்லென்று சுற்றிக்கொண்டது.