இறக்கத்தில் ஏறிய எண்

டிப்போவில் அவருக்குச் 'சிக்கனம்' என்றுதான் பெயர். பதினொரு வருடம் விடாமல் டீசல் சேமிப்புப் பரிசு வாங்கிய டிரைவர் என்றால் சும்மாவா? இன்று சோதனை ஓட்டம்; அவர் கையில் டீசலே குடிக்காத மின்சார பஸ். முதல் சீட்டில், மடியில் கணினியோடு எரிசக்தித் துறை அதிகாரி.

அரசின் புதுக் கொள்கை கறாரானது. எண்ணெய் இறக்குமதியைக் குறைக்க, அடுத்த மாதம் முதல் எல்லா டிப்போவுக்கும் டீசல் பாதிதான். மலைப்பாதையில் ஒரே சார்ஜில் இரண்டு நடை போய்வந்து பேட்டரியில் பதினைந்து சதவீதம் மிச்சம் காட்டினால், இருபது மின்சார பஸ் கிடைக்கும். இல்லையென்றால் மலைக்குப் பஸ்ஸே கிடையாது. சிக்கனத்தின் வீடு மலை உச்சியில். அவர் மனைவி தினமும் இந்தப் பஸ்ஸில்தான் கீழே ஆஸ்பத்திரி வேலைக்கு இறங்குகிறாள்.

இரண்டாம் நடையில் உச்சியைத் தொட்டபோது திரையில் பேட்டரி ஒன்பது சதவீதம். இன்னும் டிப்போ வரை போக வேண்டும். அவர் தங்கை டிப்போ எலக்ட்ரீஷியன். முதல் நடைக்கு வராமல் சார்ஜரோடு மல்லுக்கட்டிவிட்டு இப்போதுதான் கூட வந்திருந்தாள்.

"மொத நடையில எறங்கும்போது எவ்வளவு ஏறுச்சு?" என்றாள் அவர் காதருகே குனிந்து.

"எறங்கும்போது எங்கேருந்து ஏறும்? டீசல் மிச்சம் பிடிக்க எப்பவும் செய்யற மாதிரி நியூட்ரல்ல உருள விட்டேன்."

அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். "எறக்கத்துலதான் அண்ணே இது கரன்ட் பண்ணும். சக்கரம் சுத்துற வேகத்துலயே பேட்டரி ஏறும். நியூட்ரல் போட்டா அது அத்துப்போயிடுமே. பயிற்சியில சொல்லலியா?"

"பெடல்லேருந்து காலை எடுன்னு சொன்னாங்க. நியூட்ரல் போடாதேன்னு எவனும் சொல்லல."

வண்டி இறங்கியது. முதல் வளைவிலேயே அவர் கை பழக்கதோஷத்தில் நியூட்ரல் பட்டனுக்குப் போக, தங்கை அந்தக் கையில் பட்டென்று ஒரு அடி போட்டாள். பத்து. பதினொன்று. பின்னால் பயணிகள் எழுந்து நின்று சத்தமாக எண்ண ஆரம்பித்தார்கள். அடிவாரத்தில் பத்தொன்பது. ஊருக்குள் ஒவ்வொரு சிக்னலும் ஒன்றைத் தின்றது. சிக்கனத்துக்கு உயிரே போய்ப் போய் வந்தது. டிப்போ வாசலில் பதினாறு.

கூச்சலுக்கு நடுவே அதிகாரி மட்டும் கணினியிலிருந்து நிமிரவில்லை. "மொத எறக்கத்துல ஒண்ணுமே ஏறல, ரெண்டாவதுல பத்து ஏறியிருக்கு. பேட்டரி கோளாறா?"

ஆமாம் என்று சொன்னால் பதினொரு வருடப் பேர் பிழைத்துவிடும். "இல்ல சார். கோளாறு என் கையிலதான்." சிக்கனம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அதிகாரியின் முகம் மாறியது. "இந்த வண்டி மலைக்கு லாயக்கில்லன்னு ஆறு டிப்போவுக்கு எழுதிக் குடுத்துட்டேனே. எல்லா எடத்துலயும் பரிசு வாங்குன டிரைவரத்தான் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டேன். அவங்களும் நியூட்ரல்லதான் எறக்கியிருப்பாங்க." உடனே போனை எடுத்தார். "அந்த ஆறு அறிக்கையையும் நிறுத்துங்க. நாளைக்கே மறுபடி ஓட்டணும். இந்தத் தடவ கொஞ்சம் ஊதாரி டிரைவரா பாத்துப் போடுங்க."

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிக்கனமும் போனை எடுத்து மனைவியை அழைத்தார். "அடுத்த மாசமும் அதே நேரத்துக்கு ஸ்டாப்புல நில்லு" என்றார்.