ஆம்பிளைக் கை

பப்பாசி பூத்ததும் உதயகலா என்னை வரச் சொன்னாள். காணியைக் குத்தகைக்கு எடுத்தவள் அவள். கன்றுகளை நட்டவன் நான். போய்ப் பார்த்தேன். மரத்துக்கு மரம் நீளக் காம்பில் சரம் சரமாகப் பூ தொங்கியது. எல்லாம் ஆண். அங்கொன்று இங்கொன்றில்தான் பிஞ்சு.

“பப்பாசிக் கண்டு வித்த குகதாசனுக்கு போன் எடுத்தனியோ?”

“எடுத்தனான் அண்ணை.” அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “ஆர் நட்டதெண்டு கேட்டான். உங்கடை பேரைச் சொன்னன். ஆம்பிளை நட்டால் ஆண்தான் வருமாம். தன்ரை கண்டிலை பிழையில்லையாம்.”

“நீ நம்பிறியோ?”

“எனக்குத் தெரியேல்லை அண்ணை.”

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. புத்தூரில் யார் வாழை வைத்தாலும் தென்னை வைத்தாலும் முதல் கன்றுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். கைராசிக்காரன் என்று பெயர். கூலி வேலை செய்து இடுப்பு விட்டுப்போன எனக்கு அந்தப் பெயரால்தான் வேலை வந்துகொண்டிருந்தது. சாவகச்சேரியில் இருந்துகொண்டு ஒருவன் போனிலேயே அதில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டான். கதை ஊர் முழுக்கப் பரவியது. வாழை நடக் கேட்டிருந்த பராசக்தி அக்கா, “இந்தமுறை வேறை ஆளைப் பாத்திட்டன் கனிசியஸ்” என்றார். வெங்காயத் தோட்டத்தில் பெடியள், “அண்ணை, எங்கடை பசுவைத் தொட்டிடாதையுங்கோ, நாம்பன் கண்டுதான் போடும்” என்று சிரித்தார்கள்.

உதயகலாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். குகதாசன் கன்று வளர்த்து விற்கும் நேசறி வாசலில் பெரிய பலகை. எழுத்துக் கூட்டி வாசித்தேன்: ‘ஹைபிரிட் பப்பாசி. ஆண் வராது. எல்லாம் காய்க்கும்.’ தலை நரைத்த பிறகு எழுத்துப் படித்தவன் நான். பொய்யை இவ்வளவு வடிவான எழுத்தில் எழுதலாமென்று அங்கேதான் கண்டேன்.

பின்பக்கம் போனோம். றொசாந்தி என்று ஒரு பெண், சந்தையில் கழித்த பப்பாசிப் பழங்களைப் பிதுக்கிக் கொட்டைகளைச் சல்லடையில் கழுவிக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் அவற்றை மண் நிரப்பிய பைகளில் ஊன்றினார்கள்.

“உது எந்த இனம் பிள்ளை?”

“இனமோ? அழுகினது, அழுகாதது எண்டு ரெண்டு இனந்தான் அண்ணை.”

குகதாசன் ஓடிவந்தான். “ஐசே, உள்ளுக்கை வரேலாது! முன்னுக்குப் போம்!”

முன்னுக்குப் போய், எல்லாருக்கும் கேட்கக் கேட்டேன். “என்ரை கையிலை என்ன பிழை?”

“நான் என்ன செய்யிறது? உம்மடை கை ஆம்பிளைக் கை. பொம்பிளையைக் கொண்டு நடுவிச்சிருக்க வேணும். எங்கடை ஆக்களுக்குத் தெரிஞ்ச விசயந்தானே.”

கன்று வாங்க நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவன் சொன்ன பொய்யைவிட அந்தத் தலையாட்டல்தான் என்னை எரித்தது.

உதயகலா முன்னுக்கு வந்தாள். “பொறுங்கோ. பின்னுக்குக் கொட்டை ஊண்டுறது ஆர்?”

“எங்கடை பிள்ளையள்.”

“எல்லாரும் பொம்பிளையள். அப்ப முதல் பட்டதே பொம்பிளைக் கை. பிறகெப்பிடி என்ரை தோட்டம் முழுக்க ஆண் நிக்குது?”

பின்னாலிருந்து றொசாந்தியின் சிரிப்புக் கேட்டது. குகதாசனின் முகம் கறுத்தது. “சரி சரி, சத்தம் போடாதையுங்கோ. வேறை கண்டு தாறன், கொண்டு போங்கோ.”

“உன்ரை கண்டை நீயே வைச்சிரு!” நான் கத்தினேன். “பராசக்தி அக்காவுக்கு இப்ப போன் எடு. பிழை கொட்டையிலை எண்டு உன்ரை வாயாலை சொல்லு!”

அவன் எடுக்கவில்லை. கையில் கன்று வைத்திருந்த ஒருவர் அதைக் கீழே வைத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் விலை கேட்டார்கள்.

ஊருக்கு வந்து உதயகலா வீடு வீடாகச் சொன்னாள். எல்லாரும் “ஓம், ஓம்” என்று கேட்டுக்கொண்டார்கள்.

ஆண் மரங்களை நான்தான் வெட்டினேன். பால் தெறித்துக் கை எரிந்தது. வேலிக்கு அப்பால் பராசக்தி அக்கா வந்து நின்றார்.

“உவன் குகதாசன் சரியான கள்ளன்தான் கனிசியஸ். உதயகலா சொன்னவள்.”

“அப்ப வாழை நட வரட்டோ அக்கா?”

“அது… எதுக்கும் இந்தமுறை வேண்டாம். பழைய வாழையளை வெட்டித் தர வாருமன். வெட்டுறதுக்குக் கைராசி பாக்கத் தேவையில்லைத்தானே.”

“அதையும் குகதாசனைக் கூப்பிட்டு வெட்டுவியுங்கோ” என்று சொல்லிவிட்டு, அடுத்த மரத்தில் கத்தியைப் போட்டேன்.